மூடிய பெட்டியும் ஒரு தகப்பனும்: ‘புரஹந்த களுவர’ படத்தை உன்னிச்சையிலிருந்து பார்த்தல்

நம்மட பக்கத்தில் ஒரு படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி, “ஆரு நடிச்ச?” என்பது. அடுத்தது, “கதை என்ன?” இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் சில படங்களுக்கு இந்த இரண்டும் போதாது. “இந்தப் படம் உள்ளதைச் சொல்லுதா, இல்லாட்டி நம்மள அழவைக்கப் பார்க்குதா?” என்ற மூன்றாவது கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்கத் தூண்டுகின்ற படங்களில் ஒன்று, சிங்கள நெறியாளர் பிரசன்ன விதானகே 1997-இல் எடுத்த ‘புரஹந்த களுவர’. முழுநிலவின் இருள் என்று தமிழில் சொல்லலாம்.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு முஸ்லிம் காலாண்டிதழில், அதுவும் உன்னிச்சைப் பக்கத்து வாசகர்களை மனதில் வைத்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. “ஆமிக்காரண்ட வாப்பாட கதைதானே, நமக்கு என்னத்துக்கு?” என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கான பதில் படத்துக்குள்ளேயும் இருக்கிறது, நமது மாவட்டத்தின் மண்ணுக்குள்ளேயும் இருக்கிறது.

சுயாதீன சினிமா என்றால் என்ன?

பெரிய முதலாளியின் பணம், பெயர்பெற்ற நட்சத்திரம், பாட்டு, சண்டை ஆகியவற்றை நம்பி எடுக்கப்படும் படத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. போட்ட பணம் திரும்பி வரவேண்டும். அதனால் பார்வையாளருக்குப் பிடிக்காத உண்மையை அது சொல்லத் தயங்கும். சுயாதீனப் படம் அந்தக் கட்டாயத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. சிறிய செலவு, சிறிய குழு, நெறியாளரின் சொந்தப் பார்வை, இவைதான் அதன் முதல். ‘புரஹந்த களுவர’ ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனத்தின் ஆதரவோடு உருவானது. உள்ளூரில் வசூல் பார்க்கவேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால்தான், யுத்தம் உக்கிரமாக நடந்த காலத்திலேயே யுத்தத்தைப் பற்றி இவ்வளவு அமைதியான ஒரு படத்தை எடுக்க முடிந்தது என்று நினைக்கலாம்.

இதே 1997-இல்தான் ஈரானில் மஜீத் மஜீதி ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’ படத்தை எடுத்தார். ஒரு சோடிச் சப்பாத்தும் அண்ணன் தங்கை இருவரும், அவ்வளவுதான் கதை. நமது வீடுகளில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஆபாசம் இல்லாமல், கூச்சல் இல்லாமல், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய சினிமா உண்டு என்பதற்கு அதைத்தான் உதாரணமாகச் சொல்வோம். நம்மட நாட்டிலேயே அதே ஆண்டில் அதற்குக் குறையாத ஒரு படம் வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மொழி சிங்களம் என்பதால் தவறிப்போய்விட்டது.

கதை

உலர் வலயத்துச் சிங்களக் கிராமம் ஒன்று. வரட்சி. வன்னிஹாமி என்ற முதியவர், கண் தெரியாதவர். அவருடைய மகன் பண்டார இராணுவத்தில் இருக்கிறான். ஒருநாள் மகனின் உடல் என்று ஒரு பெட்டி வருகிறது. பெட்டி மூடி முத்திரையிடப்பட்டிருக்கிறது. திறக்கக்கூடாது. ஊர் கூடி அடக்கம் செய்கிறது. தகப்பன் மட்டும் மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இறந்த படைவீரனின் குடும்பத்துக்கு அரசாங்கம் தரும் நட்டஈடு ஒரு இலட்சம் ரூபாய். அதைப் பெறுவதற்குத் தகப்பன் படிவத்தில் ஒப்பம் வைக்கவேண்டும். கிராம சேவகர் கேட்கிறார். வீட்டிலும் எதிர்பார்ப்பு இருக்கிறது. இளைய மகள் சுனந்தாவுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. வறுமை கழுத்தை நெரிக்கிறது. கிழவரோ ஒப்பம் வைக்க மறுக்கிறார். வைத்தால் மகன் இறந்துவிட்டான் என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். கடைசியில் அவரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புதைகுழிக்குப் போகிறார். தோண்டி எடுத்துத் திறந்தால் உள்ளே இருப்பது வாழைத் தண்டும் கற்களும்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். இந்தப் படம் முடிவில் தங்கியிருக்கும் படம் இல்லை. முடிவு தெரிந்த பிறகு பார்த்தால் இன்னும் கூடுதலாகப் புரியும்.

உணர்ச்சி நேர்மை என்பது எது?

‘நேர்மையான படம்’ என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அதை அடையாளம் காண மூன்று உரைகல் போதும்.

முதலாவது, படம் நம்மை எப்போது அழவேண்டும் என்று கட்டளையிடுகிறதா? வழமையான படத்தில் பெட்டி வந்த உடனே வயலின் அழும், தாய் மாரடிப்பாள், கெமரா கண்ணீர்த்துளிக்குக் கிட்டப் போகும். இந்தப் படத்தில் துக்கம் சத்தம் போடுவதில்லை. பேச்சுக் குறைவு. வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரம முகத்தை அசைப்பதே அபூர்வம். இவர் சிங்கள சினிமாவில் நீண்டகாலம் சிரிப்பு நடிகராக அறியப்பட்டவர் என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். சிரிக்க வைக்கத் தெரிந்த அந்த முகம் இங்கே ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. அந்த ஒன்றும் செய்யாமைதான் நம்மைப் பிசைகிறது. இந்தப் பாத்திரத்துக்காக 1999-இல் சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது.

இரண்டாவது, வசதிக்காக ஒரு வில்லனைக் கொண்டுவந்து நிறுத்துகிறதா? இங்கே வில்லன் இல்லை. பணம் வேண்டும் என்று நினைக்கும் வீட்டார் பேராசைக்காரர் இல்லை, ஏழைகள். கிராம சேவகர் கொடியவர் இல்லை, படிவத்தைப் பூர்த்தி செய்வது அவருடைய வேலை. எல்லோரும் அவரவர் அளவில் நல்லவர்கள். ஆனாலும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தகப்பனைத் தனியாக்கி விடுகிறார்கள். வாழ்க்கையில் அநியாயம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கத்தியோடு வருவதை விடக் கடுதாசியோடு வருவதே அதிகம்.

மூன்றாவது, தன் பாத்திரங்களுக்குத் தெரியாததைத் தனக்குத் தெரியும் என்று படம் காட்டிக்கொள்கிறதா? பெட்டிக்குள் வாழைத் தண்டு இருந்தது என்பதால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஆகாது. உடல் கிடைக்காததாலும் இப்படி ஒரு பெட்டி வந்திருக்கலாம். கிழவரின் நம்பிக்கை வென்றதா, தோற்றதா? படம் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தத் தகப்பனுக்கும் தெரியாது. வேறொரு நெறியாளராக இருந்தால் கடைசிக் காட்சியில் மகனை வீதியால் நடந்து வரச் செய்திருப்பார். அல்லது ஒரு அதிகாரியைக் கொண்டு உண்மையைச் சொல்ல வைத்திருப்பார். விதானகே இரண்டையும் செய்யவில்லை. அந்தத் தெரியாமையோடேயே நம்மை வீட்டுக்கு அனுப்புகிறார்.

காட்சி அழகு எங்கே இருக்கிறது?

அழகான காட்சி என்றால் நமக்கு மலையும் அருவியும்தான் நினைவுக்கு வரும். எம்.டி. மஹிந்தபாலவின் ஒளிப்பதிவில் அப்படி எதுவும் இல்லை. இருப்பது காய்ந்த நிலம், மண் நிறம், வெறும் வெளி. உன்னிச்சைக் குளத்துக் கட்டில் ஆவணி மாதத்து மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சம் புதிதாக இராது. படுவான்கரையின் கோடைதான் அது, மொழி மட்டும் வேறு.

இந்தப் படத்தின் அழகைப் பார்க்க மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, தூரம். பல இடங்களில் கெமரா கிழவரிலிருந்து தள்ளி நிற்கிறது. பெரிய வெளியில் ஒரு சிறிய மனிதன் பொல்லை ஊன்றிக்கொண்டு நடக்கிறான். அவன் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்பதை எந்த வசனமும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இரண்டு, நேரம். கண் தெரியாதவர் நடந்து போகும் தூரத்தைப் படம் வெட்டிச் சுருக்குவதில்லை. அவர் எடுக்கும் நேரத்தை நமக்கும் கொடுக்கிறது. முதலில் பொறுமை போகும். “என்னடா இது, நகருதே இல்ல” என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் நமது மூச்சு அவருடைய நடைக்கு இணங்கிவிடும். மெதுவான படம் என்று குறை சொல்வதற்கு முன், அந்த மெதுவுக்குக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இங்கே இருக்கிறது.

மூன்று, பார்வை. காண முடியாத ஒருவரை நடுவில் வைத்து, காண்பதற்கென்றே உள்ள ஒரு கலையில் படம் எடுத்திருக்கிறார்கள். கண் உள்ள ஊரார் எல்லோரும் பெட்டியைப் பார்த்துவிட்டு மகனைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். கண் தெரியாதவர் மட்டும் “நான் இன்னும் காணவில்லையே” என்று நிற்கிறார். படத்தின் பெயரில் முழுநிலவும் இருளும் சேர்ந்திருப்பதற்கு இதுதான் அர்த்தம் என்று எனக்குப் படுகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு தகப்பன்

முஸ்லிம் பார்வையாளருக்கு இந்த இடத்தில் ஒரு ஞாபகம் வராமல் போகாது. சூரா யூசுபில் யஃகூப் நபி (அலை) அவர்களிடம் பிள்ளைகள் ஒரு சட்டையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதில் பொய் இரத்தம். ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். தகப்பன் அந்தச் சான்றை நம்பவில்லை. அழகிய பொறுமையைப் பற்றிக்கொள்கிறார். பிற்பாடு துக்கத்தால் அவருடைய கண்கள் வெளுத்துப் போகின்றன. மகனின் வாசனையை எல்லோருக்கும் முன்னதாக உணர்கிறவரும் அவர்தான். சுற்றியிருந்தவர்களோ, பழைய மயக்கம் இன்னும் தீரவில்லை என்றுதான் அவரைச் சொன்னார்கள்.

பொய்ச் சான்று, கண் இழந்த தகப்பன், ஊர் நம்பிய பிறகும் நம்ப மறுக்கும் மனம். ஒரு பௌத்தக் கிராமத்தின் கதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவ்வளவும் நமக்குள் எழும்புகிறது. நெறியாளர் இதை நினைத்து எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. வேறுபாடும் பெரியது. யஃகூப் நபிக்கு அல்லாஹ்விடமிருந்து அறிவு இருந்தது, மகனும் திரும்பக் கிடைத்தார். வன்னிஹாமிக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. ஆனாலும் நல்ல கலை செய்கிற காரியம் இது. அது தன் ஊரை உண்மையாகக் காட்டுகிறது. நாம் அதில் நமக்குத் தெரிந்த ஆளைக் கண்டுகொள்கிறோம்.

பெட்டிகூட வராத வீடுகள்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஆமிக்காரனின் தகப்பன் கதை நமக்கு என்னத்துக்கு?

1990 யூலையில், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டு விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஜனாஸாக்கள் குடும்பங்களின் கையில் கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவத்தால் கொண்டுபோகப்பட்ட 158 தமிழர்கள் திரும்பி வரவில்லை. ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு, இரண்டு சமூகம். இரண்டு பக்கமும் கபுரும் கல்லறையும் இல்லாத மௌத்துகள். அந்த ஆண்டுகளில் படுவான்கரைப் பக்கத்துக் குடியிருப்புகளை விட்டு ஏறாவூருக்கும் காத்தான்குடிக்கும் ஓடிய முஸ்லிம் குடும்பங்களுக்கு, வயலையும் வீட்டையும் இழந்ததோடு சேர்ந்து இந்தக் காத்திருப்பும் தெரியும்.

நமது ஃபிக்ஹ் நூல்கள் இப்படிக் காணாமற்போனவரை ‘மஃப்கூத்’ என்று தனியாகப் பெயரிட்டுப் பேசுகின்றன. மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது, எப்போது இத்தா இருப்பது, சொத்தை எப்போது பங்கிடுவது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. மௌத்து உறுதியானால் காயிப் ஜனாஸாத் தொழலாம். உறுதியாகாவிட்டால்? அரசாங்கச் சட்டமும் இதே இடத்தில்தான் தடுமாறியது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று எழுதாமலே, அவர் இல்லை என்பதை மட்டும் பதிந்து சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இந்நாட்டில் 2016-இல்தான் சட்டமானது. அதற்கு முன்பெல்லாம் மரணச் சான்றிதழை எடு, நட்டஈட்டை எடு என்பதுதான் வழி. வன்னிஹாமி ஒப்பம் வைக்க மறுத்த அந்தப் படிவம் சினிமாக் கற்பனை இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ உம்மாமாரின், அம்மாமாரின் முன்னால் நீட்டப்பட்ட கடுதாசி அது. “பிள்ளைய வித்துப்போட்டுக் காசு வாங்கினமாதிரி” என்ற உறுத்தல்தான் அந்தக் கையைத் தடுத்தது.

படம் 2000-ஆம் ஆண்டு திரைக்கு வரவிருந்த சமயம், அரசாங்கம் அதன் திரையிடலை நிறுத்தி வைத்தது. அந்த ஏப்ரலில்தான் ஆனையிறவு முகாம் விழுந்திருந்தது. படைவீரரின் பெட்டிக்குள் வாழைத் தண்டு இருப்பதாகக் காட்டும் படத்தை அந்த நேரத்தில் அதிகாரம் விரும்பவில்லை. விதானகே அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடுத்தார். 2001-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. படம் வெளிவந்தது, மக்களும் பார்த்தார்கள். சத்தமே போடாத ஒரு படத்துக்கு ஒரு அரசாங்கம் பயந்தது என்பது நேர்மைக்கு உள்ள பலத்தைக் காட்டுகிறது.

ஒரு பையனும் நாயும்

இதே நெறியாளர் 2003-இல் எடுத்த ‘இர மதியம’ படத்தில் நமது கதை நேரடியாகவே வருகிறது. ஒரே காலத்தில் நடக்கும் மூன்று கதைகள். காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் சிங்களப் பெண் சமரி, விபசார விடுதிக்குப் போன இடத்தில் தன் சகோதரியையே காணும் இளம் சிப்பாய் துமிந்த, புலிகளின் உத்தரவால் ஊரோடு வெளியேற்றப்படும் முஸ்லிம் சிறுவன் அரபாத். ஊரே வீடு, காணி, கடை என்று பதறும்போது பதினொரு வயது அரபாத்துக்கு ஒரேயொரு பிரச்சினைதான். தன்னுடைய நாயை என்ன செய்வது?

வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் 1990 ஒக்டோபரில் நடந்தது. 70,000-க்கும் அதிகமானோர் சில நாட்களுக்குள் துரத்தப்பட்டார்கள். படமோ தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மூன்று கதைகளையும் வைக்கிறது. வரலாற்றுப் பாடமாக எடுத்தால் இது குறைதான், பிள்ளைகளுக்குக் காட்டும்போது சொல்லிவிட வேண்டும். ஆனால் மனத்தின் உண்மையில் குறை இல்லை.

நாய் என்றதும் நம்மவர் சிலர் முகம் சுளிக்கலாம். நாம் ஷாஃபி மத்ஹபுக்காரர். ஈரம் பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணால் கழுவுகிறவர்கள். ஆனால் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க அனுமதி உண்டு என்பதும் நமது மார்க்கம்தான். உன்னிச்சையில் வயல் வாடியில் இராக்காவல் இருந்தவர்களுக்கு, யானை வருவதை முதலில் சொல்வது எது என்று தெரியும். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததைச் சொல்லும் ஹதீஸும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஒரு முஸ்லிம் பையன் நாயில் வைத்த பாசத்தைக் கதையின் நடுவில் வைத்ததால், படம் நம்மை இரங்கத்தக்க கூட்டமாகக் காட்டாமல் மனிதராகக் காட்டுகிறது. அகதி என்பவன் எண்ணிக்கை இல்லை. அவனிடம் விட்டுவர முடியாத ஏதோ ஒன்று இருந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு

சினிமா கூடுமா கூடாதா என்ற விவாதம் நம் ஊர்களில் முடியவில்லை, அதை இங்கே முடிக்கவும் முடியாது. பார்ப்பது என்று தீர்மானித்தவர்கள் நல்லதைத் தெரிந்தெடுத்துப் பார்க்கலாம் என்பதே நாம் சொல்ல வருவது. ‘புரஹந்த களுவர’ ஒன்றேகால் மணித்தியால அளவிலான சின்னப் படம். உபதலைப்போடு பார்த்தால் மொழி தடையாக இராது, பேச்சே குறைவு. கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகப் பார்க்காமல், ஒரே இருப்பில், முடிந்தால் நாலு பேராகப் பாருங்கள். வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ இளைஞர்கள் ஒழுங்கு செய்தால் இன்னும் நல்லது.

பார்த்து முடிந்தவுடன் “நல்லா இருந்திச்சா?” என்று கேட்காதீர்கள். வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் படிவத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னவர்களில் ஆரை நீங்கள் குற்றம் சொல்வீர்கள்? பெட்டியைத் திறந்தது சரியா, அல்லது மூடியபடியே விட்டிருக்கலாமா? நமது பக்கத்தில் இன்னும் தோண்டப்படாத இடங்களைப் பற்றி நாம் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

மூன்றாவது கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒரு வயசாளி தன் காக்காவைப் பற்றியோ மச்சானைப் பற்றியோ சொல்லத் தொடங்குவார். அதைக் கேட்கவும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.